அணைப்படியில் மிஞ்சிய செருப்பு

மலையடியில் இருக்கும் எங்கள் அணைக்கு ஏறிப் போகிற கல்படிகளின் கீழே எப்போதும் செருப்புகள் கிடக்கும். படி முடிகிற இடத்தில், அணைச் சுவர் தொடங்கும் மூலையில், சாஸ்தாவுக்கு ஒரு பீடம் இருக்கிறது. அணை வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர் அவர் என்று சொல்வார்கள். அதனால் எங்கள் பக்கத்து ஆட்கள் தண்ணீரைப் பார்க்கப் போனாலும் குளிக்கப் போனாலும் செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். குற்றாலத்தில் வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை போட்டுவிட்டால், அங்கே வந்த வெளியூர்க் கூட்டத்தில் பாதி இங்கே வந்துவிடும். பூங்கா, ஊஞ்சல், அவித்த சோளம், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் என்று அணையடி இப்போது திருவிழாக் கடைத்தெருபோல ஆகிவிட்டது. நான் ஐந்தருவிப் பக்கத்திலிருந்து ஆட்டோவில் அவர்களை ஏற்றிவந்து இறக்கிவிட்டு, திரும்பக் கூட்டிப்போவதற்காகப் படியடியில் காத்திருப்பேன்.

போன சீசனில் ஒருவர் செருப்பைக் கழற்ற மனமில்லாமல் வெகு நேரம் நின்றார். "காணாமப் போனா யாருங்க பொறுப்பு?" என்று கேட்டார். அணைக் காவலுக்கு இருக்கும் வாட்சர் அவர் காலை ஒருமுறை பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஒங்க செருப்பு ஒங்களுக்கு முன்னால ஊருக்குப் போயிராது. நீங்க ஒழுங்கா எறங்கி வாங்க, அது போதும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாட்சர் புதியவர். ஆனாலும் அவருக்கு முன்னால் இருந்தவர்கள் செய்ததையே அவரும் செய்கிறார். சாயங்காலம் அணையை மூடும்போதும், வெள்ளம் வந்து ஆட்களை இறக்கும்போதும், விசில் ஊதிவிட்டுப் படியடியைப் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் மேலே ஆள் இல்லை. ஒரு சோடி மிஞ்சினால் ஒரு ஆள் இன்னும் இறங்கவில்லை.

காத்திருக்கும் நேரத்தில் என் கண் அந்தக் குவியலில் ஒரு சோடியைத் தேடும். தேய்ந்த வெள்ளை ரப்பர் செருப்பு. இடது கால் வார் நீலம், வலது கால் வார் சிவப்பு. அது அங்கே இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கண் தேடும். அந்தச் செருப்பு என் அண்ணனுடையது. அதற்கு வார் மாற்றியவள் அவன் பெண்டாட்டி, என் மதினி. அவள் போன ஆவணியில் இறந்துபோனாள். அவளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பாதிப் பேச்சுதான். மீதியை நான் சொல்லவேண்டும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

மதினி எங்கள் வீட்டுக்கு வந்தபோது வீட்டில் அண்ணனும் நானும் மட்டும்தான். அம்மாவும் அப்பாவும் ஒருவர் பின் ஒருவராகப் போயிருந்தார்கள். நான் எருமைகளோடு அலைந்துகொண்டிருந்தேன். புதிதாக ஒரு பெண் வீட்டுக்குள் நடமாடுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் தட்டைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போய்விடுவேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, எனக்குத் தட்டை வைத்துவிட்டு அவளே வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள். அங்கே இருந்தபடியே, "சோறு காணுமா தம்பி, இன்னும் வைக்கவா?" என்று தெருவைப் பார்த்துக் கேட்பாள். தெருவில் போகிறவர்கள் தங்களைத்தான் கேட்கிறாளோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். "ஒங்களக் கேக்கல, நடங்க" என்பாள். நான் பெரியவனாகி மீசை முளைத்த பிறகும் அவள் அந்த வழக்கத்தை மாற்றவில்லை.

எருமைகளை அவள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். விடியும் முன்பே பால் கறந்து, தூக்குவாளியோடு கீழத்தெருவுக்குப் போவாள். கீழத்தெரு, அணையிலிருந்து வரும் ஓடையை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. அப்போது அங்கே எல்லாம் மண்சுவர் வீடுகள், மேலே ஓடு அல்லது ஓலை. பால் ஊற்றிவிட்டு வர அவளுக்கு வெகு நேரமாகும். யார் வீட்டில் கிழவனுக்கு நடமாட்டம் இல்லை, எந்தப் பெண்ணுக்கு நாள் நெருங்கிவிட்டது, எந்தப் பிள்ளைக்கு இழுப்பு வருகிறது என்பதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து, சாணி அள்ளிக்கொண்டே என்னிடம் சொல்வாள். நான் பதில் பேசமாட்டேன் என்பதாலேயே என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

அண்ணன் கொத்தனார். கைவேலை சுத்தமாக இருக்கும். குற்றாலத்தில் எத்தனையோ லாட்ஜுகளுக்கு அவன் சுவர் எழுப்பியிருக்கிறான். வேலை இருக்கும் நாளில் வீட்டில் சத்தமே இருக்காது. மழை வந்து வேலை நின்றால் குடிப்பான். எங்கள் ஊரில் மழை வந்து வேலை நிற்கும் நாட்கள் அதிகம். கார்த்திகையில் மலைக்கு மாலை போடுகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஒரே கேலி. கறுப்பு வேட்டியோடு வெறுங்காலில் வருகிறவரை வழியில் நிறுத்தி, "சாமி, மலைலேர்ந்து எறங்குனதும் நேரா கடைக்குத்தான வருவீரு? நான் எடம் போட்டு வைக்கேன்" என்பான். அவர்களும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவனுடைய இந்தக் கேலி ஊருக்கே தெரிந்திருந்ததால்தான், பின்னால் நடந்ததை யாராலும் யூகிக்க முடியாமல் போயிற்று.

அது பல வருடங்களுக்கு முன்னால் ஒரு கார்த்திகை மாதப் பிறப்பு. அதற்கு முந்தின சில நாட்களாக அடைமழை. அண்ணன் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தான். அன்று விடியற்காலையில் எழுந்து வந்தவன் முதல் நாள் போதை தெளியாமல் தடுமாறி, மதினி கறந்து வைத்திருந்த பால்வாளியைக் காலால் தட்டிவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கொட்டிய பாலைப் பார்த்துச் சிரித்துவிட்டான். மதினி சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அன்றைக்குப் போட்டாள். "எங்கயாவது போய்த் தொலைங்க. வாசல்ல ஒங்க செருப்பு கெடக்கறதப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது" என்றாள். அண்ணனின் சிரிப்பு நின்றது. வாசலில் கிடந்த அந்த நீல வார், சிவப்பு வார்ச் செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

மதியத்துக்கு மேல் அணையில் அபாயச் சங்கு ஊதியது. மலையில் கொட்டிய மழையில் தண்ணீர் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. மழையிலும் அணை பார்க்க வந்திருந்தவர்களை அன்றைய வாட்சர் விசில் ஊதி இறக்கினார். எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு படியடியில் ஒரு சோடி மிஞ்சியது. அவர் மேலே ஏறி, சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கூப்பிட்டுக்கொண்டே நடந்து பார்த்திருக்கிறார். யாரும் இல்லை. செருப்பின் அடையாளத்தோடு ஊருக்குள் ஆள் வந்தபோது மதினி தொழுவத்தில் இருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

அவள் செருப்பைத் தொடவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "அவங்கதுதான். வாரு மாத்துனது நாந்தான். அன்னைக்குக் கடையில ஒரே நெறத்துல ரெண்டு இல்ல" என்றாள். வாட்சர் அதை எடுத்து ஓரமாக மழைக்கு ஒதுக்கி வைக்கப் போனார். "வேண்டாம், அங்கனயே கெடக்கட்டும். எறங்கி வந்தாத் தேடுவாங்கல்லா" என்றாள். பிறகு படி ஏறிப் போய், சாஸ்தா பீடத்தின் பக்கத்தில் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

நாங்கள் சிலர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கித் துழாவினோம். தண்ணீர் செங்காவியாக இருந்தது. கையைக் கொடுத்தால் கை தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று தட்டுப்படும். பிடித்து இழுத்தால் மலையிலிருந்து வந்த மரக்கிளையாக இருக்கும். தலையை வெளியே எடுக்கும்போதெல்லாம் மதினி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளையைக் கண்டதும் கண்ணை எடுத்துவிடுவாள். தென்காசியிலிருந்து தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்கள் தண்ணீரின் இழுப்பைப் பார்த்துவிட்டு எங்களையும் மேலே ஏறச் சொன்னார்கள்.

அணைப் பொறுப்பில் இருந்த இஞ்சினியர் சின்ன வயதுக்காரர். ஷட்டரை உடனே திறக்க வேண்டும் என்றார். இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் ஓடை தாங்கும். பொறுத்தால் பிறகு மொத்தமாகத் திறக்க வேண்டிவரும், அப்போது கீழத்தெரு நிற்காது என்று எல்லோரிடமும் எடுத்துச் சொன்னார். எங்கள் தெரு ஆண்கள் ஷட்டர் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். எங்களுக்குப் பெரியப்பா முறையான ஒருவர்தான் பேசினார். "ஆளு உள்ள கெடக்கான் சார். இப்பத் தொறந்தா ஷட்டருக்குள்ள இழுத்து, பாறையில அடிச்சுக் கொண்டு போயிரும். ஒடம்பாவது முழுசாக் கெடைக்கணும்லா." கீழத்தெரு ஆட்களும் சிலர் வந்திருந்தார்கள். திறக்கச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. வேறு ஒருத்தியின் புருசன் தண்ணீருக்குள் இருக்கும்போது அவர்கள் எப்படிச் சொல்வார்கள். பின்னால் தள்ளி, மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"அவளக் கேளுங்க. அவ சொன்னா நாங்க நகருதோம்" என்றார் பெரியப்பா. அவள் என்ன சொல்வாள் என்று அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

இஞ்சினியர் குடையை மடக்கிவிட்டு மதினி முன்னால் குனிந்தார். "அம்மா, நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

"தொறக்கலன்னா கீழத்தெருவுக்குள்ள தண்ணி வந்திருமா சார்?"

"வந்துரும்மா. இருட்டுன பொறவு வந்தா, எந்திரிச்சு ஓடக்கூட நேரம் இருக்காது."

மதினி தண்ணீரைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பின்னால் நின்ற கீழத்தெரு ஆட்களைப் பார்த்தாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "ஓடையோரத்துக் கடைசி வீட்டுக் கெழவரால எந்திரிக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பேறுகாலம் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு" என்றாள். யாருக்கோ சொல்வதுபோல இல்லை. காலையில் தொழுவத்தில் என்னிடம் சொல்வாளே, அதே குரல். பிறகு, "தொறங்க சார்" என்றாள்.

"ஏட்டி, என்ன பேசுத? உம் புருசன் உள்ள கெடக்கான்" என்றார் பெரியப்பா.

"தெரியும் மாமா. தொறங்க" என்றாள் மதினி.

சக்கரம் சுற்றுகிற சத்தத்தை நான் கேட்டேன். அதன் பிறகு தண்ணீர் வெளியேறுகிற சத்தம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது. அணைச் சுவர் காலுக்கடியில் அதிர்ந்தது. கீழே பாறைகளின் மேல் வெள்ளையாகப் புகை எழும்பியது. மதினி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து, படி இறங்கி, அவ்வளவு நேரம் எடுக்க விடாமல் வைத்திருந்த செருப்பை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அவள் அதை எடுத்தபோதுதான் அண்ணன் போய்விட்டான் என்பது எனக்கு உறைத்தது. அதுவரை தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டில் தெருப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒரு அத்தை மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். மதினி கையைக் காட்டி நிறுத்தினாள். "ஆளு கெடைக்கட்டும். அதுவரைக்கும் யாரும் அழப்பிடாது" என்றாள். செருப்பை வீட்டுக்குள் சுவரோரம் வைத்தாள். எருமைகள் கத்தத் தொடங்கியதும் எழுந்து போய்ப் பால் கறந்தாள். வந்திருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்களுடைய பேச்சு அந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது என்று இப்போது நினைத்தால் தெரிகிறது.

மறுநாள் மழை விட்டுவிட்டது. கீழத்தெருவில் வாசல்வரை ஈரம் ஏறியிருந்தது, வீடுகள் நின்றன. ஓடையோரம் அண்ணனைத் தேடிப் போன நாங்கள் உச்சிவேளைக்கு வீட்டுக்குத் திரும்பியபோது தெருமுனையில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கறுப்பு வேட்டி கட்டி, கழுத்தில் துளசிமாலையோடு, நெற்றி நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு, வெறுங்காலில் அண்ணன் வந்துகொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். முந்தின நாள் காலையில் வீட்டைவிட்டுப் போனவன் அணைக்கு ஏறி, சாஸ்தா பீடத்துக்குப் பக்கத்தில் மழையில் உட்கார்ந்திருக்கிறான். அக்கரை ஊரிலிருந்து ஒரு கூட்டம் தங்கள் குருசாமியோடு அங்கே மாலை போட வந்திருக்கிறது. அவனுடைய கேலியை எத்தனையோ வருடமாகக் கேட்டவர் அந்தக் குருசாமி. "என்ன கொத்தனாரே, கடையில எங்களுக்கு எடம் போட்டாச்சா?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன், "எனக்கும் ஒரு மாலை போட்டுவிடுங்க" என்றிருக்கிறான். அவர் முதலில் நம்பவில்லை. குடியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்கி, முங்கி எழச் சொல்லி, கையிலிருந்த ஒரு மாலையை அவனுக்குப் போட்டிருக்கிறார். கூட்டத்தில் ஒருவர் வேட்டி கொடுத்திருக்கிறார். பிறகு எல்லோரும் பூசைக்காக அக்கரை வழியாக இறங்கிக் குருசாமி வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாலை போட்டவனுக்கு ஒரு மண்டலத்துக்குச் செருப்பு இல்லை. இக்கரைப் படியடியில் கிடந்த செருப்பை அவன் மறந்தே போனான். கறுப்பு வேட்டிக் கூட்டம் ஒன்று அக்கரையில் இறங்கியதை வாட்சரும் பார்த்திருந்தார். அந்தக் கூட்டத்தில் அண்ணன் இருப்பான் என்று யாருக்குத் தோன்றும். சாயங்காலம் மாலையோடு வந்து மதினி முன்னால் நிற்க வேண்டும் என்று கிளம்பியிருக்கிறான். அதற்குள் ஷட்டர் திறந்து, ஓடைமேல் இருந்த தரைப்பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது. மறுநாள் பாலம் வெளியே தெரிந்த பிறகுதான் வர முடிந்தது. பாலத்தில் நின்றவர்கள் அவனைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். திறக்கச் சொன்னது யார் என்பதையும் சொன்னார்கள்.

அவன் வாசலில் வந்து நின்றான். மதினி உள்ளேயிருந்து வந்தாள். வந்த வேகத்தில் இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். அடிக்கவா, பிடித்துக்கொள்ளவா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. "மாலை கெடக்குட்டி, தொடாத" என்றாள் பின்னாலிருந்து அத்தை. மதினியின் கைகள் அப்படியே நின்றன. பிறகு அவற்றைச் சேர்த்துக் கும்பிட்டாள். "வாங்க சாமி" என்றாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வீட்டுக்கு வரும் சாமிமாருக்குச் செய்வதுபோல அவன் கால்களில் ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் வாசலில் ஓடித் தெருவில் இறங்குவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த மண்டலம் முழுக்க அவள் அவனைச் சாமி என்றே கூப்பிட்டாள். திட்டவும் முடியாது, அழவும் முடியாது. அவனும் மெதுவாகப் பேசினான், விடியுமுன் குளித்தான், தன் தட்டைத் தானே கழுவினான். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எங்கள் வீடு கோயில்போல இருந்திருக்கும். நான் மட்டும் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். மாலையைக் கழற்றிய பிறகு என்ன கேட்பானோ என்று இருந்தது. மதினிக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவன் மலைக்குப் போய்விட்டு வந்து, மாலையைக் கழற்றிய அன்று அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் உள்ள கெடக்கேன்னு நம்பித்தான் தொறக்கச் சொன்னியா?" என்றான்.

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "ஆமா" என்றாள்.

"உசுரு இருக்கும்னு நெனக்கலயா?"

"இருக்கணும்னு நெனச்சேன்."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நீங்கள் எங்கேயோ பத்திரமாக இருப்பீர்கள் என்று என் மனசு சொல்லிற்று என்று ஒரு வார்த்தை. அந்தப் பொய்யை ஊர் முழுவதும் சந்தோசமாக ஏற்றுக்கொண்டிருக்கும். அவள் சொல்லவில்லை.

குடியை விட்டானா என்றால், விட்டான். பிறகு தொட்டான். பிறகு மறுபடி விட்டான். தொட்ட நாட்களில் எல்லாம் அவனுக்கு அந்த ஒரு பேச்சுதான். "என்னத் தண்ணியோட தொறந்து விட்டவதான நீ" என்பான். தெளிந்த நாட்களில் அதைப் பற்றிப் பேசமாட்டான், அணைப் பக்கமும் போகமாட்டான். சாஸ்தாவைக் கும்பிட வேண்டுமென்றால் கீழே நின்றபடியே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். குழாயடியில் பெண்கள் அவளுக்கு வழிவிடுவதுபோல ஒதுங்குவார்கள். கல்யாண வீட்டில் தாலிக்கு ஆசி வாங்கத் தட்டைக் கொண்டுவருகிறவர்கள் அவள் இருக்கும் வரிசையைத் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். புருசனைத் தண்ணியில் விட்டவள் என்பது அவளுக்குப் பெயராகிவிட்டது. அவள் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. எப்போதும்போலக் கீழத்தெருவுக்குப் பால் கொண்டுபோனாள்.

அந்தச் செருப்பை அண்ணன் மறுபடி போடவில்லை. புதிதாகத் தோல் செருப்பு வாங்கிக்கொண்டான். மதினி பழையதைத் தன் காலில் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். அவளுக்கு அது மிகவும் பெரிது. நடக்கும்போது டப் டப்பென்று குதிகாலில் அடிக்கும். தொழுவத்துக்கும் வயலுக்கும் அதில்தான் போவாள். அந்தச் சத்தத்தை வைத்தே அவள் வருவதை எருமைகள் தெரிந்துகொள்ளும். வார் அறுந்தால் மறுபடி நீலமும் சிவப்புமாகவே தேடி வாங்கி மாட்டினாள். ஒருநாள் சாணி அள்ளிக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே சொன்னாள். "அவங்க செத்திருந்தா ஊரே என்னக் கும்பிட்டிருக்கும் தம்பி. உசுரோட வந்துட்டாங்கல்லா, அதான் பேசுதாங்க. பேசட்டும். ஆளு வீட்ல இருக்குல்லா." அந்தச் செருப்பு அடி தேய்ந்து, ஓட்டையாகி, இனி வார் நிற்காது என்று ஆனபிறகுதான் அதை விட்டாள்.

போன ஆவணியில் காய்ச்சலில் படுத்தாள், எழவில்லை. எங்கள் தெருவில் கூட்டம் அதிகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் பள்ளத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கீழத்தெருவில் பெரியவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அவள் ஊற்றிய பாலைக் குடித்து வளர்ந்தவர்கள், வெளியூர் வேலையிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் என்று தெரு நிறைந்தது. யாரும் சத்தம் போடவில்லை. பந்தல் போட்டார்கள், தண்ணீர் எடுத்தார்கள், தூக்குவதற்குத் தோள் கொடுத்தார்கள். அண்ணன் ஒன்றும் புரியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஓடையோரத்து வீட்டுக்காரி ஒருத்தி, அன்றைக்கு நாள் நெருங்கி இருந்தவள், இப்போது நரைத்தவள், அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னைக்கு எங்க ஆளுங்க கேக்க வாய் வராம நின்னாங்க அண்ணாச்சி. கேக்காமலே குடுத்தா மகராசி" என்றாள்.

"என்னத்தக் குடுத்தா?" என்றான் அண்ணன்.

"ஒங்களத்தான்" என்றாள் அவள்.

அண்ணன் அதன்பிறகு குடிக்கவில்லை. சாயங்காலங்களில் தொழுவத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். இப்போது அங்கே எருமை கிடையாது, என் ஆட்டோதான் நிற்கிறது. கார்த்திகை பிறந்து மழை வலுத்த ஒரு நாள், ஆட்டோவை எடுக்கப் போன என்னிடம், "என்ன ஒரு நடை டேமுக்குக் கூட்டிட்டுப் போறியாடே" என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் பின்சீட்டில் இருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டேன்.

குற்றாலத்தில் அன்று தடை. அணையடியில் கார்களும் வேன்களும் வரிசையாக நின்றன. நான் செருப்பை ஆட்டோவிலேயே விட்டேன். அண்ணன் படியடியில் நின்று, மற்றவர்களுடைய செருப்புகளுக்குப் பக்கத்தில் தன்னுடையதைக் கழற்றி ஒழுங்காகச் சேர்த்து வைத்தான். முட்டுவலியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினான். பீடத்தின் முன்னால் கும்பிட்டுவிட்டு, "எங்கன உக்காந்திருந்தா?" என்று கேட்டான். காட்டினேன். அந்த இடத்தில் ஒரு குடும்பம் உட்கார்ந்து சோளம் தின்றுகொண்டிருந்தது. அவன் பக்கத்தில் போய் நின்று, தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மறுபக்கம் திரும்பிக் கீழத்தெருவைப் பார்த்தான். இப்போது எல்லாம் மாடி வீடுகள். மழைக்கு அவசரமாக யாரோ மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "கடைசி வீடு எது?" என்றான். காட்டினேன். வீடு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்து மறுபடி அந்தக் கடைசி வீட்டில் நிறுத்தினான்.

விசில் கேட்டது. தண்ணீர் ஏறுகிறது, ஷட்டர் திறக்கப் போகிறார்கள், எல்லோரும் இறங்குங்கள் என்று மைக்கில் சொன்னார்கள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு இறங்கியது. ஒருவர் இன்னும் ஒரு போட்டோ என்று நின்று வாட்சரிடம் திட்டு வாங்கினார். நாங்கள்தான் கடைசி. அண்ணனால் வேகமாக இறங்க முடியவில்லை. பாதிப் படியில் வரும்போது கீழே எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். வாட்சர் மழையில் நின்று ஒரு சோடிச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மாறிவிட்டிருந்தது. மேலே பார்த்து, "இது யாரு செருப்பு? மேல இன்னும் ஆளு இருக்கா?" என்று கத்தினார்.

"எம் செருப்புதான்யா" என்றான் அண்ணன். இன்னொரு படி இறங்கி மறுபடி சொன்னான். "நாந்தான். எறங்கிட்டேன்."

மீதிப் படிகளையும் இறங்கி, என் தோளைப் பிடித்தபடி ஒவ்வொரு காலாகச் செருப்பில் நுழைத்தான். பிறகு நிமிர்ந்து, வாட்சரைத் தாண்டி மேலே ஷட்டர் இருக்கும் பக்கம் பார்த்தான்.

"தொறங்க" என்றான்.

வாட்சர் மேலே நின்றவர்களுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். சங்கு ஊதியது. படியடியில் ஒரு செருப்பும் இல்லை.